இன்னும் பத்துப் பந்து

பொம்மிடி,
12-9-1937

சௌபாக்கியவதி தீர்த்தம்மாளுக்கு மாதையன் ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். அங்கே மாமாவின் நோயும் உன் கோபமும் எப்படி இருக்கின்றன என்று தெரியவில்லை. இரண்டும் இறங்குமுகமாக இருக்க வேண்டுமென்று கோருகிறேன்.

ஸ்டேஷனில் கடலைக்காய் மூட்டை வரத்து தொடங்கிவிட்டது. பாயிண்ட்ஸ்மேன் சவுரியப்பன் வீட்டிலிருந்து எனக்கு இரண்டு வேளை களி வருகிறது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் நீ கிண்டுகிற களியில் கட்டி இருக்காது.

ஒரு சின்ன விஷயம். இன்ஜினீயர் துரை மாற்றலாகிப் போகும்போது எனக்குக் கொடுத்த கோல்ப் தடிகள் நான்கில் ஒன்றைக் காணவில்லை. தூரம் அடிக்கிற மூன்றும் இருக்கின்றன. குழிக்குப் பக்கத்தில் வந்தபின் பந்தை மெள்ள உருட்டுவதற்கு என்று இருக்கிற குட்டைத் தடிதான் இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் பொட்டலில் துரை வெட்டிய நான்கு குழிகளையும் சுற்றி, புல்லுக்குப் பதிலாக எண்ணெய் பிசைந்த மணல் போட்டுப் பதமாக வைத்திருக்கிறேன். தடி இல்லாமல் என்ன செய்ய? சவுரியப்பனைச் சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் களி வரவில்லை.

போன மாதம் நான் டியூட்டியில் இருந்தபோது நீ வந்து உன் சேலைகளை எடுத்துப்போனாயே, அப்போது அது மூலையில் இருந்ததா?

இப்படிக்கு,
மாதையன்


நல்லம்பள்ளி,
19-9-1937

பொம்மிடி ஸ்டேஷன் கூட்ஸ் கிளார்க் அவர்களுக்கு, தீர்த்தம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

தடி மூலையில்தான் இருந்தது. சேலை மூட்டைக்குள் வைத்துக் கட்டி எடுத்து வந்தவள் நான். முதலில் சவுரியப்பனிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். ஆடி மாதம் அப்பாவுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டது என்று என் தம்பி பச்சியப்பன் நம்மை அழைக்க ஓடிவந்தானே, அன்று நீங்கள் சொன்ன வார்த்தை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. "செத்த இருப்பா, இன்னும் பத்துப் பந்து அடிச்சுட்டு வந்துடறேன்" என்றீர்கள். பத்து அடித்தீர்கள். பதினொரு மணி ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் ஏறி, மொரப்பூரில் இறங்கி, சின்ன ரயில் பிடித்து, தர்மபுரியில் வண்டி பிடித்து வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அதுவரைக்கும் அப்பா "தீர்த்தா வந்துட்டாளா, அவகிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நான் வாசலில் கால் வைத்தபோது நாக்கு விழுந்துவிட்டது.

என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதுமில்லை. அந்தப் பத்துப் பந்தை நான் மன்னிக்கவில்லை.

தடியை அடுப்பில் வைக்கத்தான் எடுத்து வந்தேன். பாதி இரும்பாக இருக்கிறதே, எப்படி வைப்பது? அப்பா அதை ஊன்றிக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தார். உயரம் சரியாக இருக்கிறது. இப்போது அதுதான் அவருக்குக் கைத்தடி. திருப்பித் தருவதற்கில்லை.

தீர்த்தம்மாள்


பொம்மிடி,
3-10-1937

தீர்த்தம்மாளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமா என்னைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்டார் என்பது அன்றே எனக்குத் தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். யாரைக் கேட்டிருந்தாலும் ஓடி வந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தடி மாமாவிடமே இருக்கட்டும். அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

சவுரியப்பனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. களி வருகிறது. கட்டியும் வருகிறது.

உனக்குப் பிடிக்காத சமாச்சாரம், ஆனாலும் வேறு யாரிடம் சொல்ல? கிறிஸ்துமஸ் லீவில் துரை இந்தப் பக்கம் வருகிறார். என்னோடு ஒரு ஆட்டம் ஆடுவதாகக் கடிதம் போட்டிருக்கிறார். நாலு குழியையும் இரண்டு சுற்று. அவர் இங்கே இருந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவரை ஜெயித்ததில்லை. தூர அடி இப்போது நன்றாக விழுகிறது. குழிக்கு இரண்டு முழத்தில் வந்துதான் மானம் போகிறது. குட்டைத் தடிக்குப் பதிலாக இருப்பதிலேயே சின்ன இரும்புத் தடியால் உருட்டிப் பார்க்கிறேன். பத்துக்கு நாலு விழுகிறது. மணிக்கட்டு ஆடக்கூடாது, தோளிலிருந்து தொட்டில் போலப் போய் வர வேண்டும் என்று துரை கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. அப்படித்தான் செய்கிறேன். பந்து கேட்கமாட்டேன் என்கிறது.

தீபாவளிக்கு நான் அங்கே வரலாமா?

மாதையன்


நல்லம்பள்ளி,
17-10-1937

கும்பிட்டு எழுதிக்கொண்டது.

தீபாவளிக்கு வர வேண்டாம். நீங்கள் வந்தால் அம்மா பலகாரம் சுடுவாள், நான் சிரித்த முகமாக நிற்க வேண்டியிருக்கும். எனக்கு இன்னும் அந்த முகம் வரவில்லை.

அப்பா இப்போது வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் நடக்கிறார். "தீ, தீ" என்கிறார். என் பெயரில் அவ்வளவுதான் வருகிறது. அம்மா முதல் நாள் எங்கோ நெருப்புப் பிடித்துவிட்டது என்று தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தாள். எல்லோரும் சிரித்தோம், அப்பாவும் சிரித்தார். நான் உள்ளே போய் அழுதேன்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மரத்தடியில் எலுமிச்சங்காய் உதிர்ந்து கிடக்கும். அப்பா தடியை ஊன்றி நடக்கும்போது அதில் ஒன்றைத் தட்டிவிட்டார். அது நேரே போய்க் கோழிக்கூட்டு வாசலில் நுழைந்தது. அன்று தொடங்கியது. தினம் காலையில் திண்ணையில் சாய்ந்துகொண்டு, நல்ல கையால் தடியைப் பிடித்துக் காய்களை உருட்டுகிறார். பத்துக்கு ஒன்பது கூட்டுக்குள் போகிறது. கோழிகள் வெளியே நிற்கின்றன.

ஒரு கை விழுந்த மனுஷருக்கு விழுவது உங்களுக்கு ஏன் விழவில்லை என்று யோசித்தேன். எங்கே தடுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அப்பா தரையைத் தவிர வேறெங்கும் பார்ப்பதில்லை. காய் போன பிறகும் அது கிடந்த இடத்தையேதான் பார்க்கிறார். நீங்களோ தடி பந்தில் படுவதற்கு முன்பே தலையைத் தூக்கிக் குழியைப் பார்க்கிறீர்கள். சமையலறை ஜன்னல் வழியாக இரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன். தலை தூக்கினால் தோளும் கூடவே வருகிறது, தோள் வந்தால் கை கோணுகிறது. தலையைத் தூக்காதீர்கள். பந்து விழுந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டாம், காதால் கேளுங்கள்.

கேட்டதற்குச் சொன்னேன். இதனால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தமில்லை.

தீர்த்தம்மாள்


பொம்மிடி,
21-11-1937

அன்புள்ள தீர்த்தாவுக்கு,

நான் கேட்கவேயில்லை, நீதான் சொன்னாய். நூறு வருஷம் நன்றாக இரு.

முதல் வாரம் பெரிய அவஸ்தை. தலையைத் தூக்கக்கூடாது என்று நினைத்தால் கழுத்து தானாக நிமிர்கிறது. சவுரியப்பனைப் பக்கத்தில் நிறுத்தி, நான் நிமிர்ந்தால் என் தலையில் தட்டச் சொன்னேன். பழைய சந்தேகத்துக்கும் சேர்த்துத் தட்டினான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பந்துக்கு அடியில் ஒரு வேப்பிலையை வைப்பது. பந்து போனபின் அந்த இலையில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணி முடித்துத்தான் நிமிர்வது. இலை எண்ணும்போதே டொக் என்று குழிக்குள் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் எவ்வளவு இன்பமாக இருக்கிறது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

ஒரு முழத்தில் பத்து, இரண்டு முழத்தில் பத்து, மூன்று முழத்தில் பத்து. தவறினால் மறுபடி முதலிலிருந்து. நேற்று இரண்டு முழத்தில் எட்டு விழுந்தது. இரும்புத் தடியாலேயே.

டிசம்பர் 27, திங்கட்கிழமை ஆட்டம். மாமாவிடம் என் குரு அவர்தான் என்று சொல்.

உன்,
மாதையன்


நல்லம்பள்ளி,
3-1-1938

அன்புள்ள உங்களுக்கு, தீர்த்தம்மாள் எழுதிக்கொண்டது.

பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அப்பா நன்றாக இருக்கிறார். தர்மபுரி டாக்டர் சொன்னது போலவே அது வெறும் மயக்கம்தான். வெறும் வயிற்றில் வெயிலில் நின்றதால் வந்தது. கிணற்றடியில் அவர் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்றுதான் பச்சியப்பனைத் தந்தி கொடுக்கச் சொல்லி விரட்டினேன். சாயங்காலம் கையில் பை கூட இல்லாமல், மணல் ஒட்டிய காலோடு நீங்கள் வந்து நின்றீர்கள். டாக்டரிடம் கொண்டுபோக அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கி வண்டியில் வைத்தீர்கள். மூன்று நாள் அவர் பக்கத்திலேயே இருந்தீர்கள். ஒரு வார்த்தை நான் நன்றாகப் பேசவில்லை. இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

நீங்கள் கிளம்பிப் போன பிறகுதான் தேதி நினைவுக்கு வந்தது. அது 27 அல்லவா? துரை வரவில்லையா? ஆட்டம் என்ன ஆயிற்று? நீங்கள் மூச்சு விடவில்லையே.

தீர்த்தா


பொம்மிடி,
5-1-1938

அன்புள்ள தீர்த்தாவுக்கு,

துரை வந்தார். ஆட்டமும் நடந்தது. கடைசிக் குழி வரைக்கும் இருவரும் சமம். கடைசியில் துரை தன் பந்தைப் போட்டுவிட்டார். என் பந்து குழிக்கு இரண்டு முழத்தில் கிடந்தது. போட்டால் எனக்கு ஜெயம், தவறினால் சமம். நான் குனிந்து நிற்கிறேன், சவுரியப்பன் தந்தியோடு ஸ்டேஷனிலிருந்து ஓடி வருகிறான்.

படித்ததும் தடியைக் கீழே போட்டேன். துரை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு அடிதான், அடித்துவிட்டுப் போ" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். "ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டேன் துரை" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பதினொரு மணி ரயில் கிடைத்தது.

இதை அங்கே சொன்னால் உன்னிடம் நல்ல பேர் வாங்குவதற்காகச் சொன்னது போல ஆகிவிடும். அதனால் சொல்லவில்லை. நீ கேட்டதால் சொல்கிறேன்.

துரை மறுநாள் போய்விட்டார். ஆட்டம் முடியவில்லை, மீதி அடியை என்றைக்கு வேண்டுமானாலும் அடித்துவிட்டு எனக்கு எழுது, உன் வார்த்தை போதும் என்று சீட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பந்தை மாடு மிதிக்காமல் சவுரியப்பன் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. தனியாக அடிக்க மனசு வரவில்லை.

மாதையன்


நல்லம்பள்ளி,
9-1-1938

என் அன்புள்ள உங்களுக்கு,

அப்பா பேசிவிட்டார். நேற்றுக் காலையில் முழுசாக "தீர்த்தம்மா" என்று கூப்பிட்டார். நான் கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அழுது முடித்த பிறகு, ஆடி மாதத்திலிருந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருந்ததைக் கேட்டேன். "அப்பா, அன்னைக்கு என்கிட்ட என்னமோ சொல்லோணும்னு இருந்தீங்களாமே, என்னங்க அது?" என்றேன். வெகு நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்:

"மோர்மொளகா. உனக்குன்னு ஒரு சட்டி போட்டு வச்சிருந்தா உங்கம்மா. பரண் மேல இருக்குது. போறப்ப மறக்காம எடுத்துக்கிட்டுப் போ."

இதற்காக ஐந்து மாதம் நான் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரண் மேல் ஏறிப் பார்த்தேன். சட்டி அங்கேயே இருக்கிறது. ஒரு மிளகாய் கூடக் கெடவில்லை. அதைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் அம்மா பயந்துவிட்டாள். நெஞ்சு இப்போதுதான் லேசாக இருக்கிறது.

அப்பா வெறுங்கையோடு கிணற்றடிக்குப் போய்வருகிறார். தடியை அவரே துடைத்து என்னிடம் கொடுத்தார். "மாப்பிள்ளைகிட்டக் குடு. கோழிங்க பாவம்" என்றார்.

புதன்கிழமை வருகிறேன். பச்சியப்பன் மொரப்பூரில் ரயிலேற்றி விடுகிறான். ஸ்டேஷன் வாசலில் காத்து நிற்க வேண்டாம். எனக்கு வழி தெரியும். தடியை உங்கள் கையில் நானே கொடுப்பேன். பந்தின் மேல் கவிழ்த்த சட்டியை எடுத்துவிட்டு மீதி அடியை அடியுங்கள். அதற்குப் பிறகு இன்னும் பத்துப் பந்து அடிப்பதானாலும் சரி, அன்றைக்குக் களி ஆறினாலும் பரவாயில்லை, மோர்மிளகாய் இருக்கிறது.

தலையைத் தூக்காதீர்கள். குழியில் விழும் சத்தம் கேட்டபின் நிமிருங்கள், எதிரில் நான் நிற்பேன். சத்தம் கேட்காவிட்டாலும் நிமிருங்கள். அப்போதும் நிற்பேன்.

உங்கள்,
தீர்த்தா