ஸ்பானியன் வேஷம்

3 பெப்ரவரி 2003, திங்கள்

விடிய நல்ல பனி. பஸ் பிந்தியது. பின்னேரம் நாடக ஒத்திகை. குழுவில் எல்லோரும் நோர்வேக்காரர், தமிழன் நான் ஒருவன். போன வருசம் அடிமை வேஷம், அதற்கு முதல் மிளகு வியாபாரி. இம்முறை கதை, நாடுபிடிக்கப் போன ஒரு ஸ்பானியனின் இளவயது. வறண்ட ஊர், படிப்பு சரிவரவில்லை, கப்பலேறித் தீவில் எழுத்தர் வேலை, பிறகு முதல் படையெடுப்பு. அவன் பெரிய ஆளாகும் முன்பே நாடகம் முடிந்துவிடும்.

அவனாக நான் நடிக்கிறேன் என்று கேட்டுவிட்டேன். இயக்குநர் கிறிஸ்டீன் யோசித்தார். "ஏன்?"

"பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போகிறவன். நானும் அப்படி வந்தவன்தான்."

கப்பலேறும் காட்சியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வேஷம் எனக்கு.

பால், பாண், மகளின் கையுறை. மூன்றும் வாங்க மறந்து போனேன்.

5 பெப், புதன்

மனைவியிடம் இன்றுதான் சொன்னேன். வதனி கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஊர் பிடிக்க வந்தவனுக்கோ வேஷம் கட்டப் போறீங்கள்?"

"அவன் அப்ப சும்மா ஒரு பெடியனப்பா. கையிலை ஒண்டும் இல்லை."

"ஓம். தீவிலை இருந்த சனத்துக்கு அது தெரியுமோ?"

கறியில் உப்புக் கூடிவிட்டது. சொல்லவில்லை.

12 பெப், புதன்

கடைசிக் காட்சி. தீவின் கிராமத் தலைவராக ஆர்னே, ஓய்வுபெற்ற பல் வைத்தியர். அவர் முன்னால் நின்று, "எரியுங்கள்" என்று நான் படைக்குச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. கடைசியில் சொன்னதும் அழுவதுபோல இருந்ததாம்.

கிறிஸ்டீன்: "அவன் வெட்கப்படவில்லை. முதல்முறையாக யாரோ அவனை ஆளாக மதித்திருக்கிறார்கள். அவனுக்குச் சந்தோஷம்."

சரிதான். வேஷம் கிடைத்த அன்று எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதுதான் பயம்.

13 பெப்

குளியலறைக் கண்ணாடி முன் பழகினேன். வதனி கதவடியில்.

"கத்தாதேங்கோ. ஊரிலை எங்கட வீட்டை எரிக்கச் சொன்ன ஆமிக்காரன் கத்தேல்லை. மீசை கூட வடிவா முளைக்கேல்லை. எங்கட மரத்து மாங்காயைத் திண்டுகொண்டு நிண்டு சொன்னவன். நல்ல பசி போல."

கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் இதை அவள் சொன்னதில்லை. குழாயை மூடினேன்.

8 மார்ச், சனி

அரங்கேற்றம். மகள் பக்கத்து வீட்டில். வதனி மூன்றாம் வரிசை. வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

கத்தவில்லை. "எரியுங்கள்" என்பதை, பக்கத்தில் இருப்பவரிடம் உப்புக் கேட்பதுபோலச் சொன்னேன். ஆர்னே ஒரு அடி பின்னால் போனார், ஒத்திகையில் அப்படிச் செய்ததில்லை. முடிவில் சபை கைதட்டியது. வதனி தட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை.

வீட்டுக்குப் போகும் ஹவுகெட்டோ ரயிலில் எதிர் இருக்கையில் இருந்தாள். அவசரத்தில் ஒப்பனையைக் கழுவாமல் வந்துவிட்டேன். நெடுநேரம் என்னையே பார்த்தாள்.

"பிள்ளை முழிச்சிருப்பாள். இந்த முகத்தோடை வீட்டை வராதேங்கோ."

எழுந்து என் பக்கம் வந்து இருந்தாள். கைக்குட்டையைத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்து, என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி முகத்தைத் துடைத்தாள். அழுத்தித்தான். நொந்தது. முகத்தை விலக்கவில்லை.