வளையல் அளவு

மாசி 14, வியாழன்.

ஐந்தாம் மாத ஸ்கேன் இன்று. டாக்டரம்மா வெகுநேரம் ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "புள்ளையோட இதயத்துல ஒரு இடம் சரியாத் தெரியலம்மா. ஓட்டையான்னு இப்பச் சொல்ல முடியாது. திங்கக்கிழமை இதயத்துக்கு மட்டும் தனி ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்."

விளாங்குடி வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது திருமங்கலத்திலிருந்து அம்மா போன் செய்தாள். வளைகாப்புக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. அதற்குள், "ஏத்தா, நாளைக்கு வளையக் கடைக்குப் போறேன். எந்த அளவு எடுக்க?" என்கிறாள். ஸ்கேன் விஷயம் அவளுக்குத் தெரியாது. இப்போது எதையும் வாங்காதே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

"ரெண்டு ஆறு" என்றேன். எனக்கு ரெண்டு நாலுதான் சரி. ஏழாம் மாதம் கை வீங்கும் என்று ஓர் அளவு கூட்டிச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். கண்ணாடி வளையலைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் அதை எங்கே வைப்பேன்?

ஸ்கேனுக்குக் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து நான் அம்மாவிடம் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "ரெண்டு எட்டு சொல்லிருக்கலாம்ல? ஒம்பதாம் மாசம் கை இன்னும் வீங்குமாம். பிரசவம் வரைக்கும் வளையலக் கழட்டக் கூடாதுல்ல" என்றார்.

எரிச்சலாக வந்தது. எனக்குத் திங்கட்கிழமையைத் தாண்டவே பயமாக இருக்கிறது. இவர் ஒன்பதாம் மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் தூங்கிய பிறகு அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். ரெண்டு எட்டு.