முன்வாசல் வழியாக

பாச்சை உருண்டை வாசனை உனக்கு ஆகாது. உன் டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பொணம் மாதிரி நாறுதுட்டி" என்பாய். இன்று அதே வாசனைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அரண்மனையின் மேல்மாடியில் நீ இருந்த ஜன்னலோர அறையில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி ஒன்று நிற்கிறது. உள்ளே ஒரு பொம்மை. பொம்மையின் மேல் உன் முகூர்த்தப் பட்டு.

முதலில் யாருடையதோ என்றுதான் நினைத்தேன். கல்யாணத்தன்று குத்துவிளக்குச் சுடர் பட்டு உன் முந்தியில் ஓட்டை விழுந்ததே, பிறகு நீயே உட்கார்ந்து தைத்தாயே, அந்தத் தையலைப் பார்த்த பிறகுதான் உன்னுடையது என்று தெரிந்தது. பெட்டிக்குக் கீழே ஒரு பலகை. "அரச குல மகளிர் இச்சாளரத்தின் வழியே ஊர்த் திருவிழாக்களைக் கண்டு மகிழ்ந்தனர்." மகிழ்ந்தார்களாம்! எழுதின புண்ணியவானை அந்த அறையில் ஒரே ஒரு சித்திரை மாதம் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

உன் அரண்மனை இப்போது அருங்காட்சியகம். நீ பார்க்கக் கொடுத்து வைக்காதது. கொலுமண்டபத்தில் வாளும் ஈட்டியும். நெல் குவித்த களஞ்சியத்தில் ஏர், கமலை, மரக்கால். மேல்மாடி முழுக்கப் பெண்கள் பகுதி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து உன் ஜன்னல் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

நீ விளாத்திகுளம் பக்கத்தில் விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பெண். கோவில்பட்டியில் உன் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாய். நான் தீப்பெட்டி ஆபீஸ்காரர் மகள். பள்ளிக்கூடம் விட்டால் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய்த்தான் வீடு திரும்புவோம். நடையா அது? உன்னோடு வந்தால் எனக்கு மூச்சு வாங்கும். "மெதுவாப் போயேன்ட்டி, ரயிலு ஓடியா போயிரும்?" என்பேன். "ரயிலு நிக்கும், நாந்தான் நிக்க மாட்டேன்" என்பாய். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் நீ அங்கே போய் வாழ்க்கைப்பட்டாய்.

ஜமீன் எல்லாம் ஒழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கட்டடமும் வீம்பும் மட்டும்தான் மிச்சம். ஆனாலும் உன் அப்பாவுக்கு அரண்மனைச் சம்பந்தம் என்றதும் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டு வழக்கம் என்னவென்று அவர் விசாரித்தாரா, விசாரித்தும் வாயை மூடிக்கொண்டாரா, தெரியாது. மருமகள் முன்வாசல் வழியாக ஒரு முறை உள்ளே வருவாள். பிறகு பிணமாகத்தான் அந்த வழியில் வெளியே போவாள். இடையில் கோயிலோ ஆஸ்பத்திரியோ, எதுவானாலும் மாட்டுக்கொட்டம் பக்கத்துப் பின்வாசலில் நிற்கும் திரைபோட்ட கார்தான்.

கல்யாணம் ஆகி முதல் தடவை உன்னைப் பார்க்க வந்தபோது நீயே சொன்னாய். வாசப்படி தாண்டி நீ உள்ளே வந்ததும், ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த உன் மாமியார், "இந்தப் படிய இனிம உங்காலு மிதிக்கப்பிடாது. நாலு பேரு தூக்கிட்டுப் போவும்போதுதான்" என்றாராம். சொல்லிவிட்டு நீ சிரித்தாய். "கூறுகெட்டவளே, இதுல என்ன சிரிப்பு?" என்று கத்தினேன். "மெல்லப் பேசு, அவிய கீழதான் இருக்காவ" என்று என் வாயைப் பொத்தினாய்.

அதற்குப் பிறகு நான் எப்போது வந்தாலும் உன் முதல் கேள்வி ஒன்றுதான். "வழியில என்ன பாத்த?" பஸ்ஸை விட்டு இறங்கி உன் வீடு வரைக்கும் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். ஒருநாள் வெயிலில் வந்த எரிச்சலில், "என்னத்தப் பாத்தேன், உடைமரமும் புழுதியும்தான்" என்றேன். நீ விடவில்லை. "அதத்தாம்ட்டி கேக்கேன். அதச் சொல்லு."

உன் மாமியார் போய்ச் சேர்ந்தார். உன் வீட்டுக்காரரும் போனார். மகன் மெட்ராஸில் வேலை பார்த்தான். பெரிய வீட்டில் நீயும் சமையல்காரப் பெண்ணும் புறாக்களும்தான். "இனிம யாருட்டி உன்னத் தடுக்கா? கெளம்பு" என்றேன். "யாரும் தடுக்கல. காலுதான் வரமாட்டேங்கு" என்றாய். சும்மா சொல்கிறாய் என்று நினைத்து ஒரு மத்தியானம் உன் கையைப் பிடித்துக் கொலுமண்டபம் வழியாக இழுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்து வைத்தேன். எதிரே தெரு. நீ வலது காலைத் தூக்கி வாசப்படியில் வைத்தாய். இடது கால் வரவில்லை. வேர்த்து ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது உனக்கு. திரும்பிக் காலி ஊஞ்சலைப் பார்த்து, "அவிய பாக்காவட்டி" என்றாய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். செத்துப்போன உன் மாமியாரை அன்று நான் திட்டிய திட்டை எழுதினால் தாள் கருகிப்போகும்.

அப்புறம்தான் உன் மகன் கட்டடத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தான். பின்கட்டில் ஒரு அறை மட்டும் உன் காலம் வரைக்கும் உனக்கு. எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்கோ முகமெல்லாம் வெளிச்சம். அளவெடுக்க வந்த அதிகாரியிடம், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமா என்று கேட்டிருக்கிறாய். டிக்கெட் எடுத்தால் யாரும் முன்வாசல் வழியாகவே வரலாம், போகலாம் என்றாராம் அவர். நான் வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

"டிக்கெட்டு எடுத்துட்டா நான் இந்த வீட்டு மருமவ இல்லல்லா? சும்மா பாக்க வந்த பொம்பள. பாக்க வந்தவ போய்த்தானட்டி ஆவணும்? பூட்டுற நேரம் ஆச்சுன்னா அவனே வெளிய போங்கம்பான்!"

எப்படித்தான் யோசித்தாயோ! யாரும் பூட்டாத கதவுக்கு நீயே ஒரு சாவி செய்திருந்தாய். செருப்பு வேண்டும் என்றாய். தெருவில் நடக்கிறவளுக்குத்தானே செருப்பு. அந்த வீட்டுக்கு வந்த பிறகு உனக்கு அது தேவைப்படவே இல்லை. கோவில்பட்டியில் வாங்கி வந்தேன். பழுப்பு நிறம், வார் வைத்தது. பின்கட்டு அறையில் அதைப் போட்டுக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகினாய். "எப்பிடி நடக்கேன்?" "கோட்டிக்காரி மாதிரி நடக்க." இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடிந்தது.

திறப்பு விழா தள்ளிக்கொண்டே போனது. ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. நீ தள்ளிப்போடவில்லை.

சேதி வந்து நான் ஓடி வந்தபோது முன்வாசல் கதவுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்து, குறுக்கே கயிறு கட்டி வைத்திருந்தார்கள். உன் மகன் என்னிடம் வந்து, "சித்தி, கதவு ஈரமா இருக்கு. ஆபீசரும் யோசிக்காரு. பின்பக்கமாவே கொண்டு போயிருவோம்" என்றான்.

"ஏலே, பொணமாவாவது அவ அந்த வாசல்ல போகட்டும்லே. அந்த வீட்டுல அவளுக்குன்னு சொன்னது அது ஒண்ணுதாம்லே" என்றேன். அவன் கயிற்றை அவிழ்க்காமல் ஆட்களைப் பின்பக்கம் வரச் சொன்னான். நல்ல பையன்தான். நல்ல பையன்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சாணிச் சேற்றில் கால் வழுக்க வழுக்க மாட்டுக்கொட்டம் வழியாகத்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன் மாமியார் உனக்கு விட்டுவைத்திருந்ததுகூட உனக்குக் கிடைக்கவில்லை. பெண்களை ஊர் எல்லையோடு நிறுத்திவிட்டார்கள். நான் திரும்பி வந்து, உன் பாயையும் உடுத்திய துணிகளையும் மூட்டை கட்டி எறிவதற்கு முன்னால் கட்டிலுக்கடியில் இருந்த செருப்பை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். உன் கால் சின்னது. என் குதிகால் வெளியே நிற்க, வார் கடித்துத் தோல் உரிந்துவிட்டது. முன்வாசலில் டிக்கெட் கொடுக்கிற பெண், "பாட்டி, செருப்ப வெளிய விட்டுட்டுப் போங்க" என்றாள். மற்றவர்களின் செருப்புகளோடு கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

கண்ணாடிப் பெட்டி முன்னால் குனிந்து, உன் பட்டின் கரைக்குக் கீழே பார்த்தேன். பொம்மைக்குக் கால் இல்லை. ஓர் இரும்புக் கம்பியில் செருகி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ. கீழேயிருந்து காவலாளி, "நேரமாச்சு, எல்லாரும் வெளிய போங்க" என்று குரல் கொடுத்தார். நீ சொன்னபடியேதான். "கேட்டியாட்டி? போகச் சொல்லுதான்" என்று கண்ணாடியில் கை வைத்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பிள்ளை பயந்து தன் அம்மாவிடம் ஓடியது.

வெளியே வந்தால் மழை பெய்து ஓய்ந்திருந்தது. உன் செருப்பு, நான் கழற்றியபடியே வீட்டைப் பார்த்துக் கிடந்தது. குனிந்து எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். வாசப்படி தாண்டியதும் கால் நுழைக்கத் தோதாக, சேர்த்து வைத்தேன். வெறுங்காலோடு நடந்தேன். டிக்கெட்காரப் பெண் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"பாட்டி, செருப்ப விட்டுட்டுப் போறீங்க!"

"இருக்கட்டும்மா. பின்னால ஒருத்தி வாரா."

சாயங்காலம் வாசல் கூட்டியவள் அதை வாரியலால் ஒதுக்கித் தள்ளியிருப்பாள். தெரியாமலா வைத்தேன்? வீட்டுக்கு வந்தும் கால் கழுவ மனமில்லை. விரல் இடுக்கில் கரிசல் காய்ந்து இறுகிக்கிடக்கிறது. நீ கேட்பாய் என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை எனக்கு. சொல்கிறேன், கேள்.

படி இறங்கியதும் வேப்பமரம். அதன் கீழே ஒரு சைக்கிள், பின் சக்கரத்தில் காற்று இல்லை. அப்புறம் ரேஷன் கடை, மூடியிருந்தது. திருப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் மிளகாய் வத்தலைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, மழையைத் திட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். உடைமரம் மூன்றோ நான்கோ. ஓடை மாதிரி தண்ணீர் ஓடும் ஓர் இடம், தாண்ட வேண்டும். டீக்கடை. பஸ் ஸ்டாண்டு.

அவ்வளவுதான்ட்டி வழி. நீ நடக்கிற நடைக்கு, எனக்கு மூச்சு வாங்குவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பாய்.