ஹதாஸின் கெதுபாவில் எந்தத் தேதி

நவம்பர் 5, செவ்வாய்

கல்யாணம் வரைக்கும் அம்னோன் அண்ணன் இருப்பாரா? எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியவில்லை; அவர் அதை நாகரிகமாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அண்ணன் மகள் ஹதாஸுக்காக நான் காகிதத்தில் கத்தியால் வெட்டும் கெதுபாவில், அதாவது எங்கள் யூத மண ஒப்பந்தத்தில், மாதுளைக் கொடி முடிந்துவிட்டது. மணமக்கள் பெயரும் அப்பாக்கள் பெயரும் ஆயிற்று. ஹீப்ருவில் ஹதாஸ் பெயரின் கடைசி எழுத்து மூடிய வளையம். நடுத்துண்டு விழாமலிருக்க மயிரிழை அளவு காகிதம் விட வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு. தேதியையும் வெட்டிவிட்டேன்: டிசம்பர் பத்து மாலை, அதாவது ஹீப்ரு நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 10. மற்றவர்களுக்குச் செய்யும்போது தேதியைக் கடைசியில்தான் வெட்டுவேன். இந்த முறை ஏன் முந்தினேன்? நம்பிக்கையா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லையே.

நவம்பர் 10

அண்ணனுக்கு நுரையீரலில் மறுபடி நீர்.

நவம்பர் 11

கல்யாணம் இந்த வியாழனே, ஆஸ்பத்திரி அறையிலேயே. சடங்கு நடத்தும் ரபி ஒத்துக்கொண்டார். ஆனால் தேதி பிசகிய மண ஒப்பந்தத்தை அவர் ஏற்க மாட்டார். ஒரே தாள், வெட்டிய ஓட்டையை அடைக்க முடியாது. அச்சடித்த படிவம் போதுமே என்றேன். ஹதாஸ் அழவில்லை, குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தை, அப்பா பேரு நீங்க வெட்டினதுல இருக்கணும். சடங்குல அதைப் படிக்கும்போது அவர் பார்க்கணும்."

சரி என்றுவிட்டேன். ஒரு மாத வேலை, மூன்று நாளில்.

நவம்பர் 12

விரலில் கட்டோடு போனேன். அண்ணன் பார்த்துவிட்டார். "ரத்தம் உனக்கு வருது, ஊசி எனக்குப் போடறாங்க. என்ன ஆஸ்பத்திரி இது?" சிரித்ததில் இருமல் வந்து நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள்.

நவம்பர் 13

மாதுளையை விட்டுவிட்டேன், ஓரத்தில் வெறும் அலைக்கோடு. இன்று மதியம் தேதியை வெட்டினேன்: ஹெஷ்வான் மாதம் 13, நாளைப் பகலின் ஹீப்ரு தேதி. நாளை சூரியன் நாலு நாற்பதுக்கு மறைகிறது, மறைந்தால் எங்கள் கணக்கில் அடுத்த நாள், ஹெஷ்வான் பதினாலு, பிறந்துவிடும், சாட்சிகள் அதற்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று ரபி போனில் நினைவூட்டினார். சடங்கு மூன்றரைக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. போதும். போதுமா?

நவம்பர் 14

மூன்று பத்துக்கு அண்ணனுக்கு மூச்சுத் திணறல். நீர் எடுக்கக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் தாழ்வாரத்தில் நின்றோம், ஹதாஸ் வெள்ளை உடையில். நாலு மணிக்கு ரபி மெதுவாகச் சொன்னார், வெளிச்சம் இருக்கும்போதே சாட்சிகள் கையெழுத்திடட்டும், சடங்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று.

"அப்பா வராம ஒரு கையெழுத்தும் வேண்டாம்," என்றாள் ஹதாஸ். யாரும் வற்புறுத்தவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்தின் மேல்மாடி கடைசியாக இருண்டது.

ரபி பையிலிருந்து அச்சுப் படிவத்தை எடுத்துத் தேதியைப் பதினாலு என்று நிரப்பினார்; நான் வெட்டிய பதின்மூன்று இனிச் செல்லாது. ஐந்தரைக்கு அண்ணன் திரும்பி வந்தார், ஆக்சிஜன் முகமூடியுடன். நான்கு பேர் கட்டிலுக்கு மேலே விதானத் துணியைப் பிடித்தார்கள். மாப்பிள்ளை மோதிரம் போட்டார். என் காகிதம் நாற்காலிக்கு அடியில் உறைக்குள்ளேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ரபி படிவத்தைப் படித்தார். அண்ணன் கண்ணை மூடியிருந்தார், தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். "அம்னோனின் மகள் ஹதாஸ்" என்று வந்ததும், முகமூடிக்குள்ளிருந்து, "நான்தான்" என்றார்.