அக்கா நட்ட கறிவேப்பிலை

விக்கிரமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் அக்கா மலர்கொடி பெற்ற செல்வம் அபிநயாவுக்குத் தாய்மாமன் ராசாங்கம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குவைத்தில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

உன் அம்மா சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஆரம்பித்த தோட்டம் இப்போது என் தலைமையில் அமோகமாக நடக்கிறது. புதினா, கொத்தமல்லி, கற்பூரவல்லி எல்லாம் இருக்கிறது. ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து சமையலுக்குக் கிள்ளிக்கொள்ளலாம். வாசம் பல மைல் தள்ளி இருக்கிற மீன்சுருட்டி ஊர் வரைக்கும் வீசுகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பசியெடுத்துப் பாதியில் இறங்கிவிடுகிறார்கள் என்று கண்டக்டருக்கு என் மேல் கோபம். ஆறாவது படித்தவனே இதைச் செய்கிறேன் என்றால், பத்தாவது முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், நீயே யோசித்துப் பார்.

சம்பளம் இல்லாமல் நாற்பது பேர் வேலை செய்கிறோம். பக்கத்து வீட்டுப் பொன்னாயி இதைப் படித்தால் பதினொரு பேர் என்பாள். போன வாரம் நான் பாத்தி ஓரம் நின்று எல்லோரையும் வேலை வாங்கியபோது, "அண்ணே, நீங்க பேசுற பேச்சுலயே செடி வளந்துரும், அந்தக் குடத்த இங்க குடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா இருந்திருந்தால் அவள்தான் முதலில் சிரித்திருப்பாள்.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் எனக்கு உண்மை வாயில் வராது. அதனால்தான் குவைத்துக்குத் திரும்புகிற மணிவண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா கடைசியாக நட்ட கறிவேப்பிலைக் கன்றை நீ வாரா வாரம் விசாரிக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையிலும் அதற்குத் தண்ணீர் விட்டு, "எம் மவ வந்து மொத இலையக் கிள்ளட்டும், அதுவரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள். திரும்பி வரவில்லை. லீவு கிடைக்காமல் நீ அவள் முகம் பார்க்க முடியாமல் போனபோது, அந்தக் கன்றாவது இருக்கிறதே மாமா என்று அழுதாய்.

அது பட்டுப்போய்விட்டது, அம்மாடி.

பூச்சி இல்லை, வறட்சி இல்லை. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினால் தழையும் என்று ஊருக்கே தெரியும். அக்கா வைத்த கன்று வாடக் கூடாது என்று ஒவ்வொருவரும், மற்றவரிடம் சொல்லாமல், தினம் ஒரு சொம்பு ஊற்றியிருக்கிறோம். பதினொரு சொம்பு. பெரிய சொம்பு என்னுடையது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. முழங்கால் உயரக் கன்று எவ்வளவு தாங்கும்? வேர் அழுகி, பத்தே நாளில் இலை கொட்டிவிட்டது. காய்ந்த குச்சியை மடியில் வைத்துக்கொண்டு பொன்னாயி, "ஆசையிலயே கொன்னுட்டமே அண்ணே" என்றாள்.

தோள் உயரம் வளர்ந்துவிட்டது என்று நான் அனுப்பிய போட்டோ, பெரம்பலூர் நர்சரியில் எடுத்தது.

குழியை இன்னும் மூடவில்லை. வேறு கன்று வைக்கச் சொல்கிறார்கள். நான் வைத்தால் அதுவும் என் பொய்களில் ஒன்றாகிவிடும். நீ எப்போது வந்தாலும் சரி, உன் கையால் வை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வாயைத் திறக்க மாட்டேன்.

உதிர்ந்ததில் பச்சை மாறாத இலைகளைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். ஒரு கூடை என்று எழுதத்தான் கை வருகிறது. பதினேழு இலை, தாயி. ஒரு நாள் ரசத்துக்குக் காணும். கசக்கிப் பார், வாசம் இன்னும் இருக்கிறது. இது பொய்யில்லை.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் மாமன்
ராசாங்கம்