ஆப்பத்துக்கு மூடி

அன்புள்ள பேச்சிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாம்பலம் ஸ்டேஷன் படியில் காய்கறிப் பையோடு ஏறாதே. நான் நலம்.

தொழிற்சாலையில் ஒரு சின்னக் குழப்பம். ரயில் சக்கரத்தைக் காய்ச்சி, ஓரத்தில் மட்டும் தண்ணீர் பீய்ச்சுவார்கள். ஓரம் கடினமாகும், நடுப்பகுதி அதிர்ச்சியைத் தாங்கும். வகுப்பில் இதற்கு உன் ஆப்பத்தைத்தான் உதாரணம் சொல்வேன். ஆப்பத்துக்கு மூடி போடுவதுபோல, சக்கரத்தையும் மறுபடி உலையில் குறைந்த சூட்டில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் விடும்.

உன் கையால் ஆப்பம் தின்று வளர்ந்த நம் கோடம்பாக்கத்துத் தினகரன்தான் இங்கே உலைக்குப் பொறுப்பு. என்னைப் பாடம் நடத்த அழைத்ததும், நான் சொல்வதை இந்தியில் சொல்வதும் அவனே. அவசரத்தில் அந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டான். சோதனையில் ஒரு சக்கரம் விரிசல் விட்டது. முதலாளி கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சார், ஓரம் மொறுமொறுன்னு இருந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அதையே இந்தியிலும் சொன்னான்.

"மூடி போடணும்னும் சொன்னேனேப்பா" என்றேன். அதை அவன் இந்தியில் சொல்லவில்லை.

மறுபடி சூட்டில் வைக்க வேண்டும் என்று உலையைக் கைகாட்டி முதலாளிக்குப் புரியவைத்தேன். சக்கரங்கள் மறுபடி உலைக்குப் போயின. என் வகுப்பை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நல்ல ஓய்வு, கவலைப்படாதே.

அவன் அம்மா வந்தால் எதுவும் சொல்லாதே. எப்போதும்போல் உட்காரவைத்துப் பேசு.

மயிலாப்பூர்க் காபித்தூள் எங்கள் இருவருக்குமாக அனுப்புவாயே, இம்முறை எனக்கு மட்டும் போதும். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன்
நல்லசிவம்