சந்தைத் திடலில் முப்பத்து நான்கு மணி நேரம்

20-1-1974, ஞாயிறு
இன்று வாடகைக்குப் போன மிதிவண்டிகள் மூன்றே. கடை ஓய்ந்திருந்தமையால் மறைந்த என் கணவர் நடேசன் அவர்களின் நினைவு மிகுந்தது. 1959இல் நிற்காமல் மிதிவண்டி ஓட்டும் வித்தைக்காரர் ஒருவர் சுங்குவார்சத்திரம் சந்தைத் திடலை மூன்று நாள் சுற்றினார். உண்டதும் குளித்ததும் வண்டியின் மேலேயே. என் கணவர் கூடவே ஓடி, அரிசிக்கு வைத்திருந்த இரண்டு ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குத்திவிட்டுச் சிரித்தபடி திரும்பினார். அன்று முழுதும் நான் இவரோடு பேசவில்லை. பேசியிருக்கலாம்.

21-1-1974
அடுத்த வீட்டு லூர்து மேரி இன்றும் மகள் கிரேசியைச் சுமந்தே சென்றாள். எட்டு வயது, இளம்பிள்ளைவாதம். காலுக்கு இரும்புத் தாங்கி பொருத்தினால் நடப்பாள் என்கிறார் சென்னை மருத்துவர். அதற்குப் பணம்?
நானே சுற்றுவேன். நாற்பத்தெட்டு மணி நேரம்.

29-1-1974
‘அறப்பணி நிமித்தம்’ எனத் தொடங்கும் என் அறிவிப்பைத் தேநீர்க்கடைத் தணிகாசலம் உரக்கப் படித்தான். “யக்கா, ஆம்பள சுத்துனா சட்டையில நோட்டு குத்துவோம். உனுக்கு எங்க குத்துறது? உன் வூட்டுக்காரு ஆவியா வந்து ஒதைப்பாரு!” கடையே சிரித்தது.
“உண்டியல் வைக்கப்படும்” என்றேன்.
உண்டியலை நோக்கி யார் ஓடிவருவார்?

4-2-1974, திங்கள்
கையெல்லாம் கொப்புளம், எழுத்து கோணுகிறது.
வெள்ளி காலை ஆறு மணிக்கு ஏறினேன். முதற்சுற்றில் என் கணவர் கூடவே ஓடிவருவதாகத் தோன்றிற்று. நண்பகல்வரை ஆடவர் எட்டி நின்று வேடிக்கை பார்த்தனர். உண்டியலில் ஓசையே இல்லை. பின்னர், களத்து வேலையிலிருந்து திரும்பிய கோவிந்தம்மா, என்னிலும் மூத்தவள், வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, ஓடிவந்து என் முந்தானையில் ஒரு ரூபாயைக் குத்தினாள். அதன்பின் பெண்கள் ஓயவில்லை. சில்லறையைத் துணியில் முடிந்து, அதையும் குத்தினார்கள்.
சனி மாலை நான்கு மணி. முந்தானை ஒரு பக்கமாகக் கனத்து இழுக்க, வண்டி சாய்ந்தது. கால் மண்ணில் பட்டது; விழுந்தேன்.
தோத்துட்டேன். அத்தினி பேர் எதிர்ல — இன்னும் பதினாலு மணி நேரம் கீது, தோத்துட்டேன்!
எழுந்து நின்று, “என் வாக்குப் பொய்த்துவிட்டது. அவரவர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்க” என்று அறிவித்தேன்.
கோவிந்தம்மா இடுப்பில் கைவைத்தாள். “இன்னாடி பேசிகினு கீற? நாங்க குத்துன கனத்துலதானே வுழுந்த? ஊக்க மட்டும் குடு, போதும்.”

7-2-1974
ஊக்குகளை உரியவர்களிடம் சேர்க்க மூன்று நாளாயிற்று. நோட்டை ஒருவரும் கேட்கவில்லை. தாங்கிக்குப் போதும்.

18-6-1974
லூர்து மேரி முறையிட வந்தாள். “யக்கா, இந்தப் பொண்ணு என் பேச்சே கேக்கறதில்ல. பள்ளிக்கூடம் வுட்டதும் ஏரிக்கரைக்குப் பூடுது. நான் தேடிக்கினு அலையறேன். நீயாச்சும் கண்டி.”
உரிய சொற்களைத் தேர்ந்துகொண்டு வாசலுக்கு வந்தேன். அதற்குள் கிரேசி தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.